பாலைவன ரோஜாவுக்குத் தண்ணீர்

"நல்லா ஊத்துங்க. உயிரோட இருந்தப்ப கெடைக்காத தண்ணி, இப்பவாவது வயிறார கெடைக்கட்டும்."

மாமனார் அய்யாவுவின் தலையில் செம்பைக் கவிழ்க்கப்போன லெட்சுமியின் கை நின்றுவிட்டது. சொன்னது நாத்தனார் இராஜம்மா, செலாயாங்கிலிருந்து காலையில் வந்து இறங்கியவள். லெட்சுமி தண்ணீரை ஊற்றிவிட்டுச் செம்பை அடுத்தவளிடம் கொடுத்தாள்.

அந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரக் குழாய்களில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லோரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பிணத்தைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லையே என்று அவள் கணவன் ராதாகிருஷ்ணன் கையைப் பிசைந்தபோது, அக்கம்பக்கத்தார்தான் ஆளுக்கொரு வாளி கொண்டுவந்து வைத்தார்கள். எதிர்வீட்டுச் சீனக் கிழவி கொடுத்ததும் அதில் ஒன்று.

"உடம்பில் தண்ணீரே இல்லை, யார் பார்த்துக்கொண்டது?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டாராம். ராதாகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து அவளை ஒன்றுமே கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். குளிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டு, காலையும் மதியமும் கிழவர் கட்டிலருகே ஜக்கு நிறையத் தண்ணீர் வைத்தவள் அவள். சாயங்காலம் பார்த்தால் ஜக்கு காலியாக இருக்கும். இதை இப்போது யாரிடம் சொல்ல, யார் நம்ப?

அவள் யாரிடமும் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அந்த அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கும்.

"குடி வீரம்மா. இன்னும் கொஞ்சம் குடி."

வீரம்மா அவள் மாமியார். செத்து ஒரு வருஷம் ஆகிறது. லெட்சுமி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

இப்போது மாற்று வேட்டி எடுக்க அதே அறைக்குள் நுழைந்தாள். கிழவர் வெளியே பெஞ்சில் கிடக்கிறார். ஆனாலும் குடி, குடி என்று யாரோ ஜன்னல் பக்கம் முணுமுணுப்பது போலவே இருந்தது.

கட்டிலை ஒட்டிய ஜன்னல் திண்டில் மாமியார் தொட்டியில் வளர்த்த பாலைவன ரோஜாச் செடி நின்றது. ஓர் இலைகூட இல்லை. "இதுக்குத் தண்ணி காட்டாத. எல்லாம் வயித்துல வச்சிருக்கு. காஞ்சா இலைய உதுத்துட்டுச் சும்மா நிக்கும், மழை வந்தா துளிர்க்கும்" என்று அத்தை அவளிடம்தான் சொல்லியிருந்தாள். மாமாவுக்குச் செடிகொடியெல்லாம் தெரியாது.

பருத்த தண்டை லெட்சுமி தொட்டாள். கட்டைவிரல் உள்ளே அமுங்கியது. புளித்த நாற்றத்தோடு தண்ணீர் கசிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது. தொட்டி மண் சேறாக இருந்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினாள் வீரம்மா. கொடுக்கக் கூடாது என்றார்கள், அய்யாவு கொடுக்கவில்லை. அவள் பிழைத்து வரவும் இல்லை.

"வேட்டி எங்க? எல்லாரும் வெயிட் பண்றாங்க லா," என்றபடி ராதாகிருஷ்ணன் உள்ளே வந்தான்.

"இந்த மண்ணுல கைய வச்சுப் பாருங்க."

வைத்தான். "ஊருக்கே தண்ணி இல்ல, இதுல எப்படி..." என்று தொடங்கியவன் ஜக்கைப் பார்த்தான். கட்டிலிலிருந்து ஜன்னல் கைக்கெட்டும் தூரம்தான். அவன் விரல்கள் சேற்றுக்குள்ளேயே இருந்தன.

"சாயங்காலமானா குடி குடின்னு அத்தைகிட்ட பேசுவாரு. நான் பயந்துக்கிட்டு கதவச் சாத்திக்குவேன். ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா போதும்ங்க," என்றாள் லெட்சுமி. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வேட்டி உடுத்தியதும் வெளியே வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். ராதாகிருஷ்ணன் போய்த் தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினான்.

"கை என்னடா இப்படி இருக்கு? கழுவிட்டு வா," என்றாள் இராஜம்மா.

"லெட்சுமி அப்பாவுக்குக் குடுத்த தண்ணி இது, அக்கா."

அரிசியோடு சேறும் சேர்ந்து அய்யாவுவின் உதட்டில் ஒட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.