பக்கத்து அறைக்குப் போன அக்கா

நான் வேலை செய்யும் மனநல ஆலோசனை மையத்துக்கு என் அக்கா வந்தாள்; என்னைப் பார்க்க அல்ல. வரவேற்பறை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள், என்னைக் கண்டதும் எப்போதோ பஸ்ஸில் பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து அறை ஆலோசகருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'உம்'. வருகிறவர் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தாலும் அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுகூட எங்களில் யாருக்கும் தெரியாது.

என் பாணி வேறு. வாயைத் திறக்காமல் விரலைப் பிசைந்துகொண்டிருப்பவரிடம் நான் கேள்வி கேட்பதில்லை. என் வீட்டுக் கதையை எடுத்து விடுவேன். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு மொட்டைமாடியில் போய்ப் படுத்தது, பிரசவமான புதிதில் நான் குழந்தையைத் தூக்கவே பயந்தது. இந்தம்மா வீட்டிலுமா என்று எதிரில் இருப்பவர் முகம் இளகும். வீட்டுக்கு வீடு வாசப்படி என்று தெரிந்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும். என்னிடம் வந்து பேசாமல் போனவர் இல்லை என்று மையத்தில் எனக்குப் பெயர்.

அப்பேர்ப்பட்ட என்னை விட்டுவிட்டு அவரிடமா? சொந்தக்காரர்களுக்குக் கவுன்சிலிங் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி, தெரியும். நான் தங்கையாகத்தானே கேட்டேன்? கொஞ்ச நாளாக அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். ஃபோனில் "என்னக்கா ஆச்சு?" என்றால், "ஒண்ணுமில்ல, கடையில ஆள் இருக்கு" என்று வைத்துவிடுவாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாளே என்று வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் அவள் வந்த நேரத்தில் என் அறை காலியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரில் காதை வைத்தேன். வார்த்தை எதுவும் புரியவில்லை. அக்கா சிரித்தது மட்டும் கேட்டது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் 'உம்'முக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சார், எங்கக்கா சின்ன வயசுலேருந்தே எதையும் மனசுக்குள்ளயே வச்சுப்பா. கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"உம்" என்றுவிட்டு டிபன் டப்பாவை மூடினார்.

அன்று சாயங்காலமே அக்காவின் கடைக்குப் போனேன். பெண்களுக்கு முடி வெட்டும் கடை, ஒரே நாற்காலி. எனக்கு வெட்டிக்கொள்ளும் எண்ணம் இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள்.

"அவர்கிட்ட சொல்றத எங்கிட்ட சொல்ல மாட்டியா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

அக்கா வாரிக்கொண்டே சொன்னாள்.

"இதே சேர்ல ஒரு பொண்ணு வந்து உக்காந்துச்சு. புதுசா கல்யாணமான பொண்ணு. 'எனக்கு கவுன்சிலிங் குடுக்கறவங்களோட அக்கா, கல்யாணமான புதுசுல பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டுட்டு தெனமும் அழுவாங்களாம். அதக் கேட்டப்புறம்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு'ன்னுச்சு. எங்கையில கத்திரி. அந்தப் பொண்ணு காது தப்பிச்சதே பெருசு."

"நான் பேரச் சொல்லலக்கா."

"உனக்கு இருக்கறதே ஒரு அக்கா. இதுல பேரு வேற சொல்லணுமா?"

"அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே நடந்துச்சு?"

"நல்லதுதான் நடந்துச்சு. இப்ப எனக்கு நடக்கறதச் சொன்னாலும் யாருக்காவது நல்லதாத்தான் முடியும். அதனாலதான் உங்கிட்ட சொல்லல."

அந்தக் குழாய்க் கதையை அவள் என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். நான் துணிக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நுனியை மட்டும் சரிசெய்து அனுப்பினாள்.

மறுநாள் என்னிடம் வந்த பள்ளிக்கூட டீச்சர் வாயே திறக்கவில்லை. அக்கா கதை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும் கதை. விழுங்கினேன். வேறு கதை தேடினால், எனக்கே எனக்கென்று ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் வீட்டுக்காரரோ பிள்ளையோ நின்றார்கள். வேறு வழியில்லாமல் சும்மா இருந்தேன். வெகுநேரம் கழித்து டீச்சர் தானாகவே பேச ஆரம்பித்தார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது, 'உம்' ஜெயித்துவிட்டாரே என்று.

அக்கா வாராவாரம் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். நான் சாயங்காலங்களில் கடைக்குப் போய்க் கூடமாட வேலை செய்தேன். எதையும் கேட்கவில்லை, கேட்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ஒருநாள் நல்ல மழை, கடையில் ஆள் இல்லை. நான் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா, என்னைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். முழுவதும் சொன்னாள். விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்று கேட்டேன்.

கேட்டு முடித்ததும் ஆறுதலாக ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். என் வாயில் வந்தது இதுதான்:

"இத அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லடி. இன்னும் இல்ல."

அவள் கண் ஈரமாக நிற்கும்போது, எனக்குள் ஒரு குதூகலம். அதை முகத்தில் பார்த்துவிட்டாள் போல. "சீ, உன்னத் திருத்த முடியாது" என்று துண்டால் என்னை அடித்தாள்.

இதையெல்லாம் எழுத உட்காரும் முன், குழாய்க் கதையை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "அதான் ஊருக்கே தெரியுமே, எழுதிக்கோ" என்றாள். மழையன்று சொன்னதை எழுதலாமா என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரம் அவரிடமும் சொல்லியிருப்பாள். சொல்லட்டும், அவர் இரண்டாவது ஆள்தான்.