காலால் மிதித்த அடுக்கு

கணினித் திரையில் என் ஊர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மேலே உப்பளம், அடுத்துப் பழுப்புக் களிமண், அதற்கும் கீழே மஞ்சள் மணல். அந்த மணலுக்குள்தான் நாங்கள் குடிக்கும் தண்ணீர். மவுஸை அசைத்தால் பூமி மெல்லப் புரளும். நானும் உள்ளே இறங்கிவிடுவேன். தலைக்கு மேல் பாத்திகள் வெள்ளைத் துணிகளாக மிதக்கும். கிழக்கே கடல், சத்தமில்லாமல் சுவர் மாதிரி நிற்கும்.

எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி உப்புநீர்த் தேக்கம் கட்டப் போகிறது. களிமண் அடுக்கு தடுத்துவிடும், கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நிலத்தடி நீரை ஆராயும் எங்கள் ஆபீஸின் இந்தக் கணினி மாடல் சொன்னது. மதியம் அந்த அறிக்கையில் கம்பெனியோடு கையெழுத்து.

அந்தக் களிமண்ணுக்குள் நடந்துகொண்டிருந்தபோது உறைத்தது. எங்கு போனாலும் ஒரே கனம். இயற்கையில் தண்ணீர் கொண்டுவந்து போட்ட களிமண் ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். மண்ணைப் பார்க்கத் துளை போட்ட இடங்களைத் தேடினேன். அத்தனையும் உப்பளப் பாத்திக்குள்.

பாத்தியில் தண்ணீர் நிற்பதற்காகக் களிமண் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். என் அம்மா மிதித்திருக்கிறாள். பள்ளிக்கூட லீவில் நானும் மிதித்திருக்கிறேன். மனிதர் போட்ட தரையைப் பூமியின் அடுக்கென்று நம்பி, மென்பொருள் அதை ஊருக்கு அடியிலும் இழுத்து விரித்திருந்தது.

மேலதிகாரி பிரபாகரன் சாரிடம் போனேன்.

"சார், இந்தக் களிமண்ணு எங்க ஊருக்குக் கீழ கெடையாது. பாத்தில மிதிச்சதப் போயி லேயர்னு போட்டிருக்கோம்."

"இப்பப் போயி மாத்துனா முழு மாடலும் திரும்ப ஓடணும் ரேணுகா. ரெண்டு நாள் ஆவும்."

"முழுசா எதுக்கு சார்? அந்தத் துண்ட மட்டும் வெட்டி மாத்தி ஒட்டிடறேன்."

"உங்க ஊருன்றதால பேசற."

"ஆமா சார். ஊர்க்காரி இல்லன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது. உங்களுக்குத் தெரியல இல்ல?"

டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "செய்யி. முடியலன்னா பழசுதான்."

உப்பளத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்தேன். கோட்டுக்கு வெளியே இருந்த களிமண்ணை எடுத்துவிட்டு, அந்த இடத்துக் கணக்கு வலையை மட்டும் மென்பொருளை மறுபடி பின்னவிட்டேன். ஓரங்களைப் பழைய பரப்போடு தைத்தேன். மற்றதெல்லாம் தூக்கம் கலையாமல் கிடந்தது. அலை உள்வாங்குவது போலப் பழுப்பு ஊரைவிட்டு விலகியது. வெறும் மணல்மேல் எங்கள் வீடுகள்.

மதியம் கம்பெனி இன்ஜினியர் ஜெயப்பிரகாஷ் திரையை உற்றுப் பார்த்தார்.

"போன வாரம் இருந்த களிமண்ணு எங்கங்க போச்சு?"

"அது எங்கம்மா மிதிச்சது சார். உங்க தேக்கம் வர்ற எடத்துல யாரும் மிதிக்கல."

சிரித்தார். "அப்ப ஆள் வெச்சு மிதிச்சிடலாமே."

"மிதிக்கலாம். பாத்தில கணுக்கால் தண்ணிதான் நிக்கும். நீங்க ஆளொசரத்துக்கு நிறுத்தப் போறீங்க. தாங்குமா?"

பிரபாகரன் சார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தேக்கம் வர்ற எடத்துலயே ஒரு துளை போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்து வெச்சிக்கலாம் சார்."

ஜெயப்பிரகாஷ் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

அவர்கள் போன பிறகு மறுபடி உள்ளே இறங்கினேன். துளை விழ வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். வண்டி போக அங்கே வழி கிடையாது, சவுக்குத் தோப்பு. துளை போடும் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு போகட்டும்.