எழுபத்தொன்று

முகமூடியின் ஐந்து பட்டைகளையும் இழுத்து இறுக்கும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அறுபது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் உடை மாட்டுவதைப் பேனாவும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தீயணைப்புத் துறையில் இருக்கிறேன். விஷவாயு கசிந்தால் முதலில் கூப்பிடுவது எங்கள் குழுவைத்தான். இத்தனை வருடத்தில் ‘இந்தக் கையுறை உனக்குச் சரியாக இருக்கிறதா’ என்று ஒருத்தர் கேட்டதில்லை. மேலிருந்து பெட்டி வரும், பிரிப்போம், மாட்டுவோம், திட்டுவோம். இப்போது நாடு முழுவதற்கும் ஒரே வழிகாட்டி எழுதுகிறார்கள். ரசாயனமோ கதிர்வீச்சோ கிருமியோ, எந்த ஆபத்தானாலும் முதலில் ஓடுகிறவர்கள் எதைப் போட்டுக்கொள்ள வேண்டும், எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை எழுதும் குழுவில், களத்தில் நிற்கிறவர்கள் சார்பாக நானும் ஒருத்தி. கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. “அம்மா தூக்கத்துலகூட பூட்ஸ் சைஸ் சொல்றாங்கப்பா” என்று என் மகள் அவள் அப்பாவிடம் புகார் செய்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு நாளில் நிறையவே சாதித்திருந்தோம். கையுறை இனி மூன்று அளவில் வரும். முதுகில் இருந்த ஜிப்பை முன்பக்கம் கொண்டுவர ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தேன். அன்றைக்கு மதியம் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மூன்றாம் நாள் சோதனை. வழிகாட்டியில் எழுதியிருக்கும் பொருளையெல்லாம் நிஜமாகவே மாட்டி, வேலை செய்து காட்ட வேண்டும். சாயங்காலம் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். போட்டுவிட்டால் பத்து வருடத்துக்கு யாரும் அதைத் திருத்த மாட்டார்கள். உடை மாட்ட ஓர் ஆளைக் கூட்டி வரலாம் என்றார்கள். எங்கள் குழுவிலிருந்து ஹாரனைக் கூட்டி வந்திருந்தேன். முப்பது வயது, எட்டு ஊருக்குக் கேட்கிற குரல், அதனால் அந்தப் பெயர். மூன்று மாதமாக அந்தக் குரல் கரகரத்துப்போய்க் கிடக்கிறது.

வால்வைத் திருகினேன், குழாயை மாட்டினேன், கசிவை அடைத்துக்காட்டினேன். கைதட்டினார்கள். கடைசியாக, காற்றில் எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் கேஸ் மீட்டரை ஹாரன் என் கையில் கொடுத்தான். சின்னக் குப்பியிலிருந்து சோதனை வாயுவை அதற்குள் விட்டிருந்தார்கள். “ரீடிங் சொல்லுங்க” என்றார் குழுத் தலைவி. அவர் பெரிய இன்ஜினியர், இந்தப் புத்தகத்துக்காக நான்கு வருடம் உழைத்தவர்.

நான் மீட்டரைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இரண்டு புழுக்கள் தெரிந்தன.

எனக்கு வெள்ளெழுத்து வந்து இரண்டு வருடமாகிறது. வருடாந்திரப் பரிசோதனையில் சுவரில் மாட்டிய எழுத்தைத்தான் படிக்கச் சொல்வார்கள். தூரத்து எழுத்தை நான் மளமளவென்று ஒப்பித்துவிடுவேன். பக்கத்தில் வந்தால்தான் வம்பு. முகமூடிக்குள் கண்ணாடி போட முடியாது, காம்பு துருத்திக்கொண்டு காற்று உள்ளே வந்துவிடும். என் கண்ணாடி கைப்பையின் அடியில் கிடக்கிறது, நிலையத்தில் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. தெரிந்தால் அலுவலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். தொலைபேசி எடுத்து, மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை நாற்காலியில் காத்திருக்கிற வேலை. அதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அதனால் வாயு ஏற ஏற மீட்டர் எவ்வளவு வேகமாகக் கத்துகிறது என்பதை வைத்தே ஒப்பேற்றிவந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தது. பம்பு போட்ட இரைச்சலில் மீட்டர் கத்தியது கேட்கவில்லை. பதினொன்று என்று படித்தேன். இருபதுக்குக் கீழே வந்தால் முகமூடியைக் கழற்றலாம் என்பது எங்கள் விதி. முதலில் கழற்றியவன் ஹாரன். இரண்டே மூச்சு, சுருண்டு விழுந்துவிட்டான். கதவிடுக்கில் மிச்ச வாயு இருந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். நிலையத்துக்கு வந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி போட்டு மீட்டரின் பதிவைப் பார்த்தேன். எழுபத்தொன்று.

இப்போது ஹாரன் தலைவிக்குப் பின்னால் நின்று, இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து விரல் காட்டினான். நாலு. பிறகு ஏழு. சபையைப் பார்த்து நான் பதறிவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். அத்தனை தூரத்தில் அவன் நகத்து அழுக்குகூட எனக்குத் தெரிந்தது. நாற்பத்தேழு என்று சொன்னால் போதும். இன்னொரு கைதட்டல், சாயங்காலம் கையெழுத்து, வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த விரல்களைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. முகமூடியைக் கழற்றினேன்.

“எனக்குத் தெரியல மேடம். கிட்டத்துல இருக்கிற எழுத்து தெரியாது. ரெண்டு வருஷமாவே தெரியாது.”

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். “அது உங்க கண்ணுல இருக்கிற பிரச்சினைம்மா. டாக்டர்கிட்ட போங்க. இதையெல்லாம் வழிகாட்டியில எழுத முடியுமா?”

“நாப்பதைத் தாண்டினா எல்லாருக்கும் வரும் மேடம். மாஸ்க்குக்குள்ளயே லென்ஸ் மாட்டுற ஃபிரேம் இருக்கு. இல்லைன்னா பெரிய எழுத்து மீட்டர் வாங்கச் சொல்லுங்க. ஒரே ஒரு வரி போதும்.” எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் போய், உடம்பெல்லாம் ஒரு வேகம் ஏறியிருந்தது. மிச்சத்தையும் கொட்டிவிட்டேன், ஐஸ் தொழிற்சாலை, இரைச்சல், பதினொன்று, எல்லாவற்றையும்.

ஹாரன் முன்னால் வந்தான்.

“அன்னைக்கு நெஜமா எவ்வளவுக்கா இருந்துச்சு?”

“எழுபத்தொண்ணு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“பயம்டா.”

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. என் கையிலிருந்த முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு தலைவியிடம் போனான். “மேடம், ஒரு தடவ நீங்க மாட்டிப் பாருங்க” என்றான். அந்தக் கரகரத்த குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. சொல்லிவிட்டு நகராமல் நின்றான். வேறு வழியில்லாமல் தலைவி எழுந்தார். தன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஹாரனே பட்டைகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். மீட்டரில் வேறு ஒரு அளவு வாயுவை விட்டு, அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அவர் அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நானும் அவர் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டேன். அவருடைய முழங்கை நிமிர்ந்தது, கை முழுவதும் நீண்டுவிட்டது, மீட்டர் ஹாரனின் மார்பைத் தொட்டது. அவருடைய இன்னொரு கை மேசைமேல் கண்ணாடியைத் தேடியது.