பதினேழாவது கேள்வி

...பன்னிரண்டாவதுக்கும் ஆமாம்தான், எதைக் கேட்டாலும் நல்லபடியாகச் சொல்லிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், பத்து வருஷமாக அப்படித்தானே, நெனித்தா முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள், எதிரே மாரிவிக் காகிதத்தில் டிக் போட்டாள், பல்கலைக்கழகத்துப் பெண், டாக்லோபான் புயலில் மிஞ்சிய குடும்பங்களை வருஷம் தவறாமல் தேடி வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகிறவள், முதல் வருஷம் குச்சி மாதிரி இருந்தாள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். கஷ்டத்திலிருந்து சீக்கிரம் எழுந்து நிற்பீர்களா? “ஓகே லா.” இந்த ஊரில் எதற்கும் அதுதான், கூரை பறந்தாலும் ஓகே லா, குடியிருப்புக் குழாயில் நாலு நாள் தண்ணீர் வராவிட்டாலும் ஓகே லா, வந்தவளிடம் இல்லை என்று சொல்லி அவள் முகத்தை ஏன் வாட விடுவது? ஆனால் இன்று மனசு கேள்வியில் இல்லை. லைக்காவும் இந்த வருஷம் முதல்முறையாகப் பதில் சொல்லியிருக்கிறாள், நேற்று, பள்ளிக்கூடத்தில், மகளுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டதாம், அவளுக்கும் தனிக் காகிதமாம். மதிப்பெண் குறைந்தால் மனநல டாக்டர் பார்க்கும் பட்டியலில் பெயர் ஏறும், ஏறினால் குடியிருப்பு சும்மா இருக்குமா, பைத்தியம் என்று பட்டம் கட்டாமல் விடுமா... என் பிள்ளை தேறியிருக்கும், தேறாமல் எப்படி, அழுது யாராவது பார்த்ததுண்டா அவளை?

சுவரில் மாரிவிக் ஒட்டிய படம், மனுஷ வாழ்க்கைக்கு எட்டுப் படியாம், கீழ்ப்படியில் தவழும் குழந்தை, மேல்படியில் கைத்தடியோடு கிழவர், ஒவ்வொரு வயசிலும் ஒரு கண்டம், அதைத் தாண்டினால் ஒரு பலம், ஏறிக்கொண்டே போகலாம், வருஷா வருஷம் இதையே விளக்குகிறாள் பாவம். மூத்தவன் ஜோமாருக்கு ஏழு வயசு. எந்தப் படி? நாலாவது, பள்ளிக்கூடப் பையோடு ஒரு பையன் நிற்கிறானே, அது. புயலன்றைக்கும் படிதான், பக்கத்து வீட்டு மாடிப்படி, கடல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது, அவனை நார்டோ பிடித்திருந்தார், பிறகு இரண்டு பேரும் இல்லை, அவ்வளவுதான், புருஷன் பிள்ளை இரண்டும் ஒரே நிமிஷத்தில், இடுப்பில் மூன்று வயசு லைக்கா மட்டும், வீறிட்டாள், அவள் வாயைத் தோளோடு அழுத்தி, அழாதே அழாதே அழாதே என்று... எத்தனை தடவை சொன்னோம்? சொன்னபடி கேட்டாள். நல்ல பிள்ளை.

“அக்கா, தூங்கிட்டீங்களா? பதினேழு. சில நேரம் உள்ளுக்குள்ள எதுவுமே தோண மாட்டேங்குது. ஆமாவா, இல்லையா?”

“இல்ல.”

இதற்கு மட்டும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், முதல் வருஷமே தெரிந்துபோயிற்று, ஆமாம் என்றபோது மாரிவிக்கின் பேனா நின்றது, உடனே நெனித்தா இல்லை இல்லை என்று மாற்றிக்கொண்டாள். மாரிவிக் இப்போது சிரித்தாள். “விவரமான ஆளுதான் நீங்க! உங்க பொண்ணுதான் இதுல சறுக்கப் பாத்தா. வாயே தொறக்கல அக்கா, கேக்கக் கேக்க புருவத்தத் தூக்கிட்டே உக்காந்திருந்தா.” புருவத்தை ஒரு தரம் தூக்கினால் ஆமாம், இங்கே யாருக்குத்தான் தெரியாது, லைக்கா வீட்டிலும் அப்படித்தான், சாப்பிட்டாயா, புருவம், படித்தாயா, புருவம், எவ்வளவு அடக்கமான பெண் என்று நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

“பதினேழுக்கு மட்டும் வாயத் தொறந்து ஆமான்னா. அலுத்துப்போய்ச் சொல்றான்னு நானே இல்லன்னு மாத்திட்டேன். பொண்ணு இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு, நீங்களும் எப்பவும் போல அதேதான் வாங்கப் போறீங்க! உங்க வீட்ட மாதிரி வீடு இந்தக் குடியிருப்புலயே கிடையாது.”

வாயைத் திறந்து. மற்ற எல்லாவற்றுக்கும் புருவம், அதற்கு மட்டும் குரல். என்ன குரலில் சொன்னாள், மெதுவாகவா, மாரிவிக்கைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா? தேறிவிட்டாள், பட்டியலில் பெயர் இல்லை, நினைத்தபடியே நடந்திருக்கிறது, பேசாமல் எழுந்து போகலாம். குடியிருப்பின் சனிக்கிழமைக் கூட்டத்தில் அம்மாவையும் மகளையும் மேடையில் உட்கார வைத்தாலும் வைப்பார்கள்.

“மாத்தாதே.”

“என்னக்கா?”

“அவ சொன்னதையே போடு.”

“அப்புறம் இந்த ஒண்ணுக்கே டாக்டர் பட்டியல்ல பேரு வந்துடுமே. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, யோசிச்சுச் சொல்லுங்க.”

“வரட்டும் மாரிவிக். அவ பொய் சொல்லல.”

மாரிவிக் பையிலிருந்து லைக்காவின் காகிதத்தை எடுத்தாள், ஒன்றை அடித்தாள், ஒன்றில் டிக் போட்டாள், சின்னச் சத்தம். என் பிள்ளைக்கு உள்ளே எதுவுமே தோன்றுவதில்லையாம், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள், பெற்றவளிடம் சொல்லவில்லை, இதைக் கேட்டால் ஒரு தாய்க்கு நெஞ்சு வெடிக்க வேண்டாமா, குறைந்தது கண்ணாவது கலங்க வேண்டாமா? நெனித்தா காத்திருந்தாள். மாரிவிக் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் தள்ளினாள், வெளியே ஒரு டிரைசைக்கிள் திரும்பிப் போயிற்று, இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், அழுகை இப்போது வரும், இப்போது... பசித்தது, அவ்வளவுதான்.