வெள்ளைக் கட்டங்கள்

பிளாட்டரின் பேனா தாளில் முதல் கோட்டை இழுத்தபோது சுகன்யா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிவில் மூன்றாமாண்டு மொத்தமும் கம்ப்யூட்டர் அறைக்குள் நெருக்கியடித்து நின்றது. முன்னால் பிரின்சிபால், கைகளைப் பின்னால் கட்டியபடி. மாதக்கணக்காக மை உலர்ந்து கிடந்த அந்தப் படம் வரையும் இயந்திரத்துக்கு இன்று காலைதான் மதுரையிலிருந்து புதுப் பேனா வந்திருந்தது.

"இந்தப் பொண்ணு எடுத்த நோட்ஸ் சார்," என்றார் அனந்தநாராயணன் சார். "நான் போர்டுல எழுத எழுத இவ டிஜிடைசர்ல எழுதுவா. அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள போயிடும். ஷீட் வரட்டும், விளக்கமும் இவளே சொல்லுவா."

டிஜிடைசர் என்பது சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பலகை. வயர் கோத்த பேனாவால் அதில் எழுதினால் எழுத்து பலகையில் விழாது, திரையில் விழும். கையைப் பார்க்காமல் எழுத வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் கோடு கோணிக்கொண்டு போனது. சுகன்யாவுக்கு முதல் நாளே அச்சுக் கோத்ததுபோல் வந்தது. அன்றிலிருந்து வகுப்புக்கே அவள்தான் நோட்ஸ்; மறுநாள் எல்லாரும் திரையில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வகுப்பு நேரத்தில் மூலை மேசையில், வேறு யாருக்கும் தெரியாத திரையின் முன், சார் வேகமாகப் பேசும் இங்கிலீஷைக் காது வாங்கியது, கை எழுதியது. நடுவில் அவள் இல்லை. சீவலப்பேரிப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து வந்தவள், எழுதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் புரிந்துவிடும் என்றுதான் நம்பினாள். எழுத்து அழகாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கான்வென்ட்டில் படித்த கெசியாகூட அவளிடம் வந்து, "இந்த ஸ்டெப் எப்படிட்டி வந்துச்சு?" என்று கேட்பாள். "சார் சொன்னதத்தான் எழுதிருக்கேன்," என்று சிரிப்பாள் சுகன்யா. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நடவு வயலில் அவள் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "எம்மவ எழுதுததத்தான் காலேஜுல எல்லாரும் படிக்காவ."

நோட்டுப் புத்தகத்தில் எழுதிய காலத்தில், பாடம் கையைவிட்டு நழுவும் இடத்திலெல்லாம் ஓரமாகப் பென்சிலால் 'புரியல' என்று போட்டு, பிறகு அழித்துவிடுவாள். பழக்கம் பலகையிலும் தொடர்ந்தது. ஆனால் இங்கே அழிப்பது லேசாக இல்லை. திரையில் ஒவ்வோர் எழுத்தும் இருபது கோட்டுத் துண்டாகக் கிடந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பக்கத்திலிருந்த படமும் சேர்ந்து போனது. இன்னொரு வேலைக்காக, கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜெபசீலன் சொல்லிக்கொடுத்த வழி அப்போதுதான் உதவியது. "அழிக்காத. மேல வெள்ளையா ஒரு கட்டத்தப் போட்டு மூடிரு. ஒண்ணுந் தெரியாது." தெரியவில்லைதான். இப்போது தாளில் வரும் இந்தப் பாடத்தை எழுதி முடித்த பிறகும் உட்கார்ந்து ஏழு கட்டங்கள் போட்டிருந்தாள்.

பேனா அவள் எழுதிய வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனது. தலைப்பு. உத்தரமாக ஒரு பீம். அதன்மேல் பாரத்தைக் காட்டும் அம்புகள். பிறகு எழும்பி ஓரத்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு சுழி சுழித்தது.

பு.

அந்தப் பேனாவுக்கு வெள்ளை கிடையாது. திரையில் மூடியதெல்லாம் அதற்குத் திறந்தேதான் கிடக்கிறது.

பிளாட்டரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எட்டும் தூரத்தில் இருந்தது. கை தானாக நீண்டது. "தொடாதம்மா, ஷீட் வீணாயிடும்," என்றார் சார், அவள் முகத்தைப் பார்க்காமலே. இப்போதே நிறுத்தினால் ஒரே ஒரு 'புரியல'. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஏழுக்கு என்ன சொல்வது? கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. அத்தனை நெருக்கடியிலும் அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்தத் தாளில் தான் சொன்னது என்று இருப்பது இந்த வார்த்தை மட்டும்தான்.

"ஏலே, அங்கன பாரு. புரியலயாம்லே!"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மூன்றாவதுக்கும் சிரித்தார்கள். நான்காவதுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறாவதில் கெசியாவின் குரல் காதருகே வந்தது.

"ஏட்டி, உன் நோட்ட வச்சுதானட்டி நான் பரீட்சைக்குப் படிச்சேன்."

கோபமா பயமா, தெரியவில்லை.

ஏழும் முடிந்தபின் பேனா திரும்பிப் போனது. மூடுவதற்காக அவள் போட்ட கட்டங்களையும் விட்டுவைக்காமல், ஒவ்வொரு வார்த்தையைச் சுற்றியும் நிதானமாக நான்கு கோடு போட்டது. விடைக்குக் கட்டம் கட்டுவதுபோல.

பிரின்சிபால் குனிந்து வாசித்தார். "என்ன சார் இது?"

அனந்தநாராயணன் சார் மூன்றாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் அவருடைய சமன்பாடு. இது ஈஸியா வந்துடும் என்று அன்றைக்கு அவர் தாண்டிப்போன இடம்.

"எங்கருந்தும்மா புரியல?" சாரின் குரல் சன்னமாக இருந்தது.

அறை முழுவதும் அவளைப் பார்த்தது. சுகன்யா மேசையருகே போய் ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தாள். எடுக்காமல் ஆறாவதுக்கு நகர்த்தினாள். மை காயவில்லை, விரலுக்குப் பின்னால் கறுப்பாக இழுபட்டது. ஐந்து, நான்கு, மூன்று. முதல் கட்டத்தில் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். விரல் அதைத் தாண்டி, அம்புகளைத் தாண்டி, பீமைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.