பின்னால் ஊற்றிய தண்ணீர்

இந்த வரிசை இப்படியே நின்றுவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நெவெங்கா நினைத்துக்கொண்டாள். முன்னால் எங்கோ ஹங்கேரியின் எல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கார்களின் முதுகுகள். ஆகஸ்ட் விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவன் மிலுதினுக்கு இங்கே ஏறிச் சரிபார்க்கக் கூரை இல்லை, பூசச் சுவர் இல்லை, போய்ப் பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் உறவுக்காரர்கள் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு நேரம் அவளருகில் சும்மா இருந்ததில்லை.

"ஊசி ஏறுது," என்றான் மிலுதின்.

அவளும் எட்டிப் பார்த்தாள். இஞ்சின் சூட்டைக் காட்டும் அந்தச் சின்ன ஊசி காலையிலிருந்து நடுக்கோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. இப்போது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கார் நீளம் நகர்ந்தார்கள், நின்றார்கள். மறுபடி நகர்ந்தார்கள், நின்றார்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஊசி இன்னும் ஒரு மயிரிழை சாய்ந்தது.

"இஞ்சின் ஃபேன் சுத்தல. சத்தமே வரல பாரு," என்றான். "எப்ப செத்துச்சோ. ஓடறப்ப எதிர்க்காத்தே ஆத்திடும், தெரியாது. நின்னாத்தான் வண்டவாளம் வெளிய வரும். நான் எப்பவும் ராத்திரியிலயே கெளம்பிடுவேன், இந்த மாதிரி நின்னதே இல்ல."

இந்த முறை பகலில் கிளம்பியது அவளால்தான். பிப்ரவரியில் இறந்துபோன மாமியாரின் கல்லறையில் காலையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கிளம்பவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஹீட்டரை முழுவதுமாகத் திருகிவிட்டான். இஞ்சினின் சூடு பிரிந்து காருக்குள் பாய்ந்தது. இந்த வைத்தியம் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வெந்துகொண்டிருக்கும் காரை யாரும் அதிசயமாகப் பார்க்கமாட்டார்கள். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். அவன் தன் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறக்கவில்லை.

"முழுசா எறக்கேன்."

"ரெண்டு பக்கமும் தொறந்தா காத்து குறுக்க ஓடும். கழுத்து புடிச்சுக்கும்."

குறுக்கே ஓடும் காற்றென்றால் அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பயம். வேர்வை அவன் காதின் பின்னால் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. பக்கத்து வரிசையில் சூரிச் நம்பர் போட்ட காரிலிருந்து பனியனோடு ஒருவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன பக்கத்து வண்டிக்காரரே, உள்ள கோழி பொரிக்கறீங்களா?"

"ரெண்டு கோழி. ஒண்ணு முத்தல்," என்றான் மிலுதின்.

"எது முத்தல்னு மட்டும் சொல்லிடாதீங்க, வீடு போய்ச் சேரமாட்டீங்க."

நெவெங்கா சிரித்துவிட்டாள். சூரிச் காருக்குள்ளிருந்து, கழுத்தில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் கத்தினாள். "கதவச் சாத்துய்யா, காத்தடிக்குது!"

"எங்கடி காத்து? இருந்தா இவரு இஞ்சினுக்குக் குடுத்திருக்க மாட்டேனா?"

அவர் போனபிறகும் மிலுதினின் உதட்டில் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது. அந்தச் சிரிப்பு போவதற்குள் ஏதாவது பேசவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"காலையில நமக்குப் பின்னாடி யாரும் தண்ணி ஊத்தல. அதான் இப்படி."

"ஊத்தியிருந்தா ஃபேன் சுத்தியிருக்குமாக்கும்."

அவன் கேலியாகத்தான் சொன்னான். பயணம் போகிறவனுக்குப் பின்னால் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவார்கள், வழி தண்ணீரைப்போலத் தடையில்லாமல் ஓடவேண்டும் என்று. பதினெட்டு ஆகஸ்ட் மாதங்கள் அவனுக்குப் பின்னால் அப்படி ஊற்றியிருக்கிறார்கள். முதல் வருடங்களில் மாமியார் ஊற்றினாள். அவள் கைகள் நடுங்கத் தொடங்கியதும் வாளி நெவெங்காவிடம் வந்தது. கார் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவள் வாசலிலேயே நிற்பாள். இருட்டில் அந்த ஈரம் மட்டும் விளக்கொளியில் மினுங்கும். அது காய்ந்துவிட்டால் அவன் நிஜமாகவே போய்விட்டான் என்று அர்த்தம். அதுவரை இன்னும் போகவில்லை. யாரிடமும் சொல்லாத இந்தக் கணக்கு அவளுக்குள் இருந்தது. இன்று காலையில் கதவைப் பூட்டி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே காரில் ஏறி உட்கார்ந்தபோது, வாசலின் உலர்ந்த மண்ணைப் பார்த்து அவளுக்கு என்னவோ செய்தது.

மாமியாரை அடக்கம் செய்த வாரம்தான் அவன் "வா" என்றான். இனி உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள், நான் இருக்கும் வியன்னாவுக்கே வந்துவிடு என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் இத்தனை வருடங்களும் காத்திருந்தாள். அவன் தொலைபேசியில் சொல்லச்சொல்ல அவனுடைய வியன்னா வீட்டை மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். சன்னலுக்குக் கீழே போகும் டிராம், எதிர்வீட்டுக் கிழவரின் நாய், அடுப்பின் இடது பக்கம் சரியாக எரியாதது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடினால் அந்தச் சமையலறையில் அவளால் நடக்கமுடியும்.

"குடைமிளகா சுடறத மட்டும் அங்க மறந்துடு," என்றான் மிலுதின், சாலையைப் பார்த்தபடி. "மேல் வீட்டுக்காரி புகைன்னு போலீசக் கூப்பிட்டுடுவா. எல்லாருக்கும் பொதுவா துணி தொவைக்கற ரூம் சாவி நமக்கு வியாழக்கிழமைதான். அப்புறம், போனதும் இன்னொரு நாற்காலி வாங்கணும்."

"எதுக்கு?"

"உக்காரத்தான்."

"ஒண்ணுதான் இருக்கா?"

"ஒருத்தனுக்கு எத்தன நாற்காலி வேணும்?"

அவன் அதில் எதையும் ஒளிக்கவில்லை. வேறு யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை என்பதும் அந்தப் பதிலிலேயே இருந்தது. ஒரு மனைவிக்கு அது போதவேண்டும். ஆனால் அவளுக்குள் ஏதோ மெல்ல நின்றது. அவள் கட்டிவைத்திருந்த சமையலறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. சன்னலோரம் இருந்தது அவளுடையது. வாசல் பக்கம் இருந்தது அவனுடையது. ஊரில் அவர்கள் வீட்டில் அவனுடைய செருப்பு வருடம் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடக்கும். பெருக்கும்போது எடுத்து, பெருக்கியபின் அதே இடத்தில் வைப்பாள். மேசையில் அவன் இடத்தில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வியன்னாவில் அவன் பதினெட்டு வருடங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். எதிரே காலியாக ஒன்று வேண்டும் என்று ஒரு மாலையில்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஊசி சிவப்பைத் தொட்டது. மிலுதின் இஞ்சினை அணைத்தான்.

"நீ இங்க வந்து ஸ்டீயரிங்கப் புடி. தள்ளிக்கிட்டே போவோம். அதுக்குள்ள ஆறிடும்."

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். அவன் பின்னால் போனான். சூரிச்காரர், மனைவியைத் தன் காரின் ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துவிட்டு, உதவிக்கு வந்து ஒரு தோள் கொடுத்தார். வரிசை நகரும்போதெல்லாம் அவர்கள் தள்ளினார்கள். சத்தமில்லாமல் கார் உருண்டது. பின்புறக் கண்ணாடியில் மிலுதினின் முகம் முழுவதுமாகத் தெரிந்தது. அவள் எப்போதும் அவன் காருக்குப் பின்னால் நின்றவள். இன்று அவன் அவளுக்குப் பின்னால் இருந்தான். உச்சியில் முடி மெலிந்துபோய் மண்டை சிவந்திருந்தது. பல்லைக் கடித்துத் தள்ளும்போது அவன் அப்பாவின் சாயல் வந்தது. இவனை இறங்கிப்போய்த் தொடவேண்டும், அந்த மண்டையில் ஈரத்துணி ஒன்றைப் போடவேண்டும் என்று நெஞ்சு கிடந்து தவித்தது. நாலு எட்டு வைத்தால் தொடும் இடத்தில் அவன் இருந்தான். ஆனால் இது அவன் இல்லாத ஜனவரி இரவுகளில் ஏங்கும் அதே ஏக்கம்தான், அதே அளவுதான். தூரம் குறைந்ததால் இம்மி குறையவில்லை. அதுதான் அவளைத் திகைக்கவைத்தது.

எல்லைச் சாவடிகள் கண்ணுக்குத் தெரிந்தன. மிலுதின் மூச்சிரைத்தபடி வந்து முன்மூடியைத் திறந்தான். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, சீறல் அடங்கும்வரை பொறுத்தான். வீட்டுக் கிணற்றிலிருந்து பிடித்துவந்த பெரிய பாட்டிலை அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"மெதுவா ஊத்து," என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

பாட்டிலில் பாதிக்குமேல் தீர்ந்தது. மிச்சத்தை அவளிடம் நீட்டிவிட்டு, முன்மூடியைச் சாத்தி, அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். ஊசி நடுக்கோட்டுக்கு வந்து நின்றது.

"பொழச்சோம். ஏறு, முன்னாடி இடம் விட்டுடுச்சு பாரு."

அவள் மறுபக்கக் கதவைத் திறந்தாள். இருக்கையிலிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவை மூடினாள்.

"நெவெங்கா?"

"இல்ல, மிலுதின்."

"என்ன இல்ல?"

நாற்காலியைப் பற்றிச் சொன்னால் அவன் இரண்டு வாங்கித் தருவான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அப்புறம் இன்னொருவர்.

"வெளையாட்டா இது? பெட்டி உள்ள இருக்கு. எல்லாம் உள்ள இருக்கு. ஏறு."

"நீ போ. நின்னா ஊசி மறுபடி ஏறிடும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஊசியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். பின்னாலிருந்த ஹாரன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கார் மெல்ல முன்னால் உருண்டது.

நெவெங்கா சாலையின் நடுவில் வந்து நின்று, பாட்டிலின் மூடியைத் திறந்து, மிச்சமிருந்த தண்ணீரை அவன் காருக்குப் பின்னால் வீசி ஊற்றினாள். ஒரு கார் நீளம் போனதும் வரிசை நின்றுவிட்டது. பிரேக் விளக்குகள் சிவந்தன. தண்ணீர் சூடான தாரில் ஆவி பறக்க, சரிவில் மெல்ல ஓடி, அவனுடைய பின்சக்கரத்தைத் தொட்டு நின்றது.