அமலன் போகாத குருமடம்

பிரிட்டோ இரண்டு பைகளோடு சமயநல்லூர் வீட்டு வாசலில் வந்து நின்றது தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. அவனுடைய அம்மா மிக்கேலம்மாள் அங்கன்வாடியில் சமையல் வேலை பார்ப்பவள். கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி அமலன், ஏசி மெக்கானிக், வண்டியில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, குருமடத்துல லீவு விட்டாங்களா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நான் வெளிய வந்துட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிரிட்டோவுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்கமாட்டான் என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அப்போது மிக்கேலம்மாள் வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள், பிள்ளை பிழைத்தால் அவனைச் சாமியாராக்கிவிடுவதாக. அவன் பிழைத்தான். அன்றிலிருந்தே ஊர் அவனைக் 'குட்டிச் சாமி' என்றுதான் கூப்பிட்டது. பதினெட்டு வயதில் சாமியார் படிப்புக்காகக் குருமடத்துக்குப் போனான். பதினோரு வருடம் ஓடிவிட்டது. சித்திரையில் அவனுக்குத் திருத்தொண்டர் பட்டம். அதற்கு அடுத்த வருடம் குருப்பட்டம். சொந்தபந்தம் எல்லோருக்கும் அவள் வாயால் அழைத்து முடித்திருந்தாள்.

"பட்டம் வாங்குறதுக்கு முன்னாடி முழு மனசோட வர்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்மா. பேனாவ எடுத்தேன், முடியல. நேந்தது நீ. சாமி என்னையக் கூப்பிடவே இல்ல."

மிக்கேலம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து அமலனின் மனைவி ஜெனிபா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். கல்யாணமாகி எட்டு மாதம், வயிற்றில் மூன்று மாதம். அத்தை தண்ணீரை வாங்கவில்லை. அமலனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"நெசமாப் போறேன் போறேன்னு நின்னவன் இவன்தானே! இவனைய நான் பிடிச்சு நிப்பாட்டுனேனே! ஒரு கல்யாணத்தப் பண்ணிவச்சு இவனையும் கெடுத்துட்டேனே!"

தண்ணீர்ச் செம்பு ஜெனிபாவின் கையிலேயே இருந்தது. அவள் அமலனின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவன் அவளிடம் சொல்லாமல் விட்டது இதுதான்.

அமலனுக்கு அப்போது பதினாறு வயது. அப்பா லாரி விபத்தில் செத்து இரண்டு வருடம். கோயிலில் பீடத்தில் உதவி செய்பவன் என்பதால், ஒரு மாலை அந்தக் கோயிலின் பங்குச்சாமி அவனைத் தன்னோடு பரவைக்கு அழைத்துப் போனார். செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருவர், நுரையீரல் கெட்டு, கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பயத்தில் அவர் கண்கள் அறை முழுக்க அலைந்தன. சாமி எண்ணெய் பூசி, அவர் கையைப் பிடித்து, எதுவும் பேசாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மெல்ல மெல்ல அந்தக் கண்கள் ஓரிடத்தில் நின்றன. அப்பாவுக்கு அப்படி ஒரு கை கிடைக்கவில்லை என்று அமலன் நினைத்தான். இந்த இடத்தில்தான் நான் இருக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் சொல்லித் தோன்றியதில்லை. வீடு திரும்பும்போது சாமியின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல் சந்தோஷத்தில் அழுதான்.

பிளஸ் டூ முடித்ததும், குருமடத்தில் சேர விரும்பும் பையன்களுக்காக மதுரையில் நடந்த அழைத்தல் முகாமுக்குப் போனான். மறைமாவட்டத்தில் குருமடத்துக்கு ஆள் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்த ஃபாதர் லூயிஸ், அவனோடு மூன்று நாள் பேசிவிட்டு வீட்டுக்கே வந்தார். மிக்கேலம்மாள் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"ஒரு பிள்ளையக் குடுத்துட்டேன் சாமி. புருசனும் இல்ல. இவனையும் கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்?"

ஃபாதர் லூயிஸ் அமலனைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் பட்டம் வாங்கட்டும்ப்பா. காத்திரு. பிந்தி வர்றவங்களையும் எடுத்துக்குவோம்" என்றார்.

அவன் காத்திருந்தான். ஐடிஐ படித்து ஏசி வேலைக்குப் போனான். தினமும் விடிந்ததும் பூசை, பிறகு வேலை. இருபத்தாறு வயதில் அம்மாவுக்கு மயக்கம் வந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. தனக்கு ஒன்று ஆவதற்குள் அவனுக்குக் கல்யாணம் முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவன் மறுபடி ஃபாதர் லூயிஸைப் போய்ப் பார்த்தான்.

"எதை நெனச்சா ஒனக்கு அமைதி வருது?" என்று அவர் கேட்டார்.

"குருமடத்த நெனச்சா வருது ஃபாதர். அம்மாவ நெனச்சதும் போயிருது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கல்யாணமும் அழைத்தல்தான், ரெண்டுல எதுன்னு நீதான் ஆண்டவர்கிட்டக் கேட்டுச் சொல்லணும்" என்றார். மூன்று மாதம் அவன் ஜெபத்தில் கேட்டான். ஒரு பதிலும் வரவில்லை. அம்மா பக்கம் நின்றால் தவறாகிவிடாது என்று முடிவெடுத்து, சோழவந்தானிலிருந்து வந்த ஜெனிபாவின் சம்பந்தத்துக்குத் தலையாட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு அவனுக்குச் சிரிப்பும் பேச்சும் தானாக வந்தது. அந்தப் பழைய ஆசை அடங்கிவிட்டது என்றே நம்பினான்.

இப்போது அண்ணன் வந்து நிற்கிறான்.

அன்று மதியமே ஜெனிபா சோழவந்தானுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆரப்பாளையத்தில் ஒரு மாடிவீட்டில் அமலனுக்கு வேலை. ஒத்தாசைக்கு வருகிறேன் என்று பிரிட்டோவும் வந்தான். மொட்டைமாடி வெயிலில் இருவருமாக ஏசியின் வெளிப்பெட்டியைத் தூக்கிச் சுவரில் மாட்டினார்கள். தூக்கிப் பழக்கமில்லாத பிரிட்டோவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அமலன் துணியைக் கிழித்துக் கட்டத் தொடங்கினான். அப்போதுதான் பிரிட்டோ பேசினான்.

"அமலா, பதினோரு வருஷமா ஒன் எடத்துல நான் உக்காந்திருந்தேன்டா."

"எப்பத் தெரியும் ஒனக்கு? வேணாம்னு."

பிரிட்டோ கையில் சுற்றிய துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"அண்ணே, கேக்குறேன்ல."

"மூணு வருஷமா. ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிறணும்னுதான் வருவேன். அம்மா மூஞ்சியப் பாத்ததும் முடியாது."

அமலன் பாதி சுற்றிய துணியை அப்படியே விட்டான். "என் கல்யாணத்துல நீதானே வாசகம் வாசிச்ச? தெரிஞ்சுக்கிட்டேவா வாசிச்ச?"

"நீ அதெல்லாம் மறந்திருப்பேன்னு நெனச்சேன்டா. சின்ன வயசு ஆசைன்னு..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கல்யாணம் பண்ணாம நின்னுருப்பேனே! வீட்டுக்கு நீ இருக்கேன்னா நான் போயிருப்பேனே! ஒரு வார்த்தைண்ணே!"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். அமலன் அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று குழாயை முடுக்கினான். கண்ணீரில் குழாயின் மரை தெரியவில்லை. பின்னால் பிரிட்டோ, "மன்னிச்சிருடா" என்று இரண்டு முறை சொன்னான். அமலன் குழாயையே முடுக்கிக்கொண்டிருந்தான். மன்னிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத்தான் நானும் ஆசைப்பட்டேன் என்ற நினைப்பு வந்து அவனை இன்னும் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் சோழவந்தானுக்குப் போனான். மாமியார் காபியைக் கொடுத்துவிட்டு அக்கம்பக்கம் போவதுபோல விலகிக்கொண்டாள். ஜெனிபா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றாள். "இந்தக் கல்யாணம் நடக்கலன்னா, ஒங்க அண்ணே வந்த அன்னைக்கே நீங்க போயிருப்பீங்களா?"

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் எழுந்து பையை எடுத்துக்கொள்வாள். அது அவனுக்குத் தெரியும்.

"போயிருப்பேன்" என்றான்.

மடித்த சேலையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தொடத் தயக்கமாக இருந்தது.

"பொய் சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"ஒன்கிட்டப் பொய் சொல்லிட்டு ஒன்கூட எப்படி இருக்குறது? அங்க போகணும்னு நெனச்சதும் நெசம். ஒன்னையப் பிடிச்சிருக்குறதும் நெசம். வேண்டாவெறுப்பா நான் ஒன்கூட ஒரு நாளும் இருந்ததில்ல ஜெனி."

"ஆனா மொத ஆசை நான் இல்ல."

வெயில் சாய்ந்த பிறகு, தானாகவே முகம் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். சமயநல்லூர் வரும்வரை அவன் தோளைப் பிடிக்காமல் இருக்கைக் கம்பியைப் பிடித்தே வந்தாள்.

மாசி மாதம் பிரிட்டோ திருப்பூருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறுதோறும் போன் பண்ணுவான். அமலன் எடுத்து, "அம்மாகிட்டக் குடுக்குறேன்" என்பான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மிக்கேலம்மாள் கோயிலில் முன்வரிசையில் உட்காருவதை விட்டுவிட்டாள். வேளாங்கண்ணிக்குப் போய் வருவோம் என்று ஜெனிபா கூப்பிட்டதற்கு, "எந்த மூஞ்சியோட போவேன்? குடுத்தது சொத்தை, மறைச்சுவச்சது நல்லதுன்னு மாதாவுக்குத் தெரியாதா?" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் பிரிட்டோவோடு படித்த நால்வருக்குத் திருத்தொண்டர் பட்டம். ஃபாதர் லூயிஸ் அமலனுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார். அவன் அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டான். ஜெனிபா கண்டெடுத்தாள்.

"போவோம்" என்றாள். "நீங்க எதை விட்டீங்கன்னு நான் பாக்கணும்."

ஆறு மாத வயிற்றோடு அவளை அந்தக் கூட்டத்தில் அழைத்துப் போக அவன் பயந்தான். அவள் கேட்கவில்லை. கோயிலில் பெண்கள் பக்கம் ஓரமாக அவளுக்கு இடம் கிடைத்தது. அவன் ஆண்கள் பக்கம் தூணருகே நின்றான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவனும் எழுந்து, "இதோ இருக்கிறேன்" என்று பட்டம் கொடுக்க வந்திருந்த ஆயரின் முன் போய் நின்றான். பிறகு நால்வரும் வெள்ளை அங்கியோடு தரையில் முகம் குப்புற விழுந்து கிடக்க, கோயில் முழுக்க முழந்தாளிட்டுப் புனிதர்களின் பெயரைச் சொல்லி, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பாடியது.

அமலனுக்கு அழுகை வந்தது. பதினாறு வயதில் அழுத அதே அழுகைதான் என்று நினைத்தான், ஆனால் இதில் சந்தோஷம் இல்லை. தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். தலையைத் தூக்கியபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெனிபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் முழந்தாளிட முடியாது. எல்லோரும் குனிந்திருந்த அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்வையை எடுக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே சாப்பாட்டுப் பந்தலில் ஃபாதர் லூயிஸ் அவர்களைப் பார்த்தார். பக்கத்தில் வந்து அமலனின் கையைப் பிடித்தார்.

"காத்திருன்னு அன்னைக்குச் சொன்னது நான்தான்ப்பா. அது சரியான்னு எனக்கு இப்பவும் தெரியல."

"ஒங்க மேல தப்பு ஒண்ணுமில்ல ஃபாதர்" என்றான் அமலன்.

அவர் ஜெனிபாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

இருவரும் சாப்பிடாமலே வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்தார்கள். வெயிலில் இருக்கை கொதித்தது. அமலன் கைத்துண்டை நனைத்து அதன்மேல் போட்டான்.

"என் மேல கோவமா?" என்று கேட்டான்.

ஜெனிபா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் இல்லைங்க. முன்னாடி இருந்துச்சு. அங்க நீங்க அழுததப் பாத்ததும் போயிருச்சு. இப்ப பாவமாத்தான் இருக்கு. ஒங்களப் பாத்தாலும், என்னைய நெனச்சாலும்."

"நான் ஒன்னைய விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன் ஜெனி."

"தெரியும்" என்றாள். "போகமாட்டீங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான். சாலைத் திருப்பத்தில் சிக்னலுக்காக நின்றபோது, அவள் கை அவன் தோளில் வந்து விழுந்தது. அவன் அதை அசைக்காமல், பச்சை விளக்கு விழுந்ததும் சமயநல்லூர் பக்கம் திரும்பினான்.